தன் கால்களாலேயே நடந்த மூதாட்டியும் சார்லஸ் டாட்டர் என்னும் மருத்துவரும்



"ஆஞ்சியோ" என்னும் சொல்லை அறியாத வீடு இன்று நம் சபைக் குடும்பங்களில் அநேகமாக இல்லை. தொடை மடிப்பிலோ மணிக்கட்டிலோ ஒரு சிறு துளையிட்டு, மெல்லிய குழாயொன்றை இரத்தக் குழாயினுள் செலுத்தி, அடைப்பை விலக்கி, ஸ்டென்ட் பொருத்தி, ஓரிரு நாள்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆராதனைக்கு வந்து அமர்ந்தவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் இம்முறைக்கு வழி திறந்தவர் இதய நிபுணரும் அல்லர், அறுவை மருத்துவரும் அல்லர். எக்ஸ்ரே படங்களை எடுத்து அவற்றைப் படித்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு கதிரியல் மருத்துவர் அவர். திட்டமிட்டு முதன்முதலில் இச்சிகிச்சை செய்யப்பட்ட இடமும் இதயம் அன்று. எண்பத்திரண்டு வயது மூதாட்டி ஒருவரின் இடது கால். அந்த மருத்துவரின் பெயர் சார்லஸ் தியோடர் டாட்டர். இவ்வாரம் அவருடைய வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அவர் 1920 ஜூன் மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் வளர்ந்தார். உருவில் சிறியவர்; படிப்பில் தம் வயதொத்தவர்களை முந்திச் சென்றவர். கையில் கிடைக்கும் எந்த இயந்திரத்தையும் பிரித்துப் பார்த்துத் திரும்பச் சேர்ப்பது சிறுவயது முதல் அவருக்கிருந்த பழக்கம். குழாய், கம்பி, பற்சக்கரம் ஆகியவை எவ்வாறு இயங்குகின்றன என்னும் ஆவல் அவரைக் கடைசிவரை விட்டு நீங்கவில்லை. அவருடைய மருத்துவச் சிந்தனை முழுவதிலும் அந்தச் சிறுவனின் கை தெரிகிறது என்பேன். 1941-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1944-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் மருத்துவரானார். கடற்படை மருத்துவமனையொன்றில் பயிற்சியை முடித்தபின், நியூயார்க் மருத்துவமனையில் கதிரியலைத் தம் துறையாகத் தேர்ந்துகொண்டார். அம்மருத்துவமனையின் தலைமைச் செவிலியர் ஒருவரையே மணந்தார்.

அக்காலத்தில் கதிரியல் மருத்துவர் என்றால் யார் என்பதைச் சொன்னால்தான் இவ்வரலாற்றின் கனம் விளங்கும். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்கன் 1895 நவம்பரில் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டறிந்த நாள்முதல், உடலைக் கீறாமலே உள்ளே காணும் வல்லமை மருத்துவருக்குக் கிடைத்தது. ஆனால் அவ்வல்லமையைக் கையாண்டவர்கள் மெல்ல மெல்ல இருட்டறைக்குள் ஒதுங்கிப்போனார்கள். நோயாளி வருவார், படம் எடுக்கப்படும், நோயாளி போய்விடுவார். அவர் முகத்தைக் காணாமலே, ஒளிப்பெட்டியின்மேல் அவருடைய எலும்பையும் நெஞ்சையும் வைத்துப் படித்து, நான்கு வரி அறிக்கை எழுதுவதே கதிரியல் மருத்துவரின் வேலையாயிற்று. முடிவெடுப்பவர் வேறொருவர். மருத்துவமனைகளுக்கு ஜெபிக்கச் செல்லும்போது இதை நான் இன்றும் காண்கிறேன். தமக்கு அறுவை செய்த மருத்துவரின் பெயர் நோயாளிக்கு நன்றாகத் தெரியும். தம் ஸ்கேனைப் படித்துக் கட்டி இருக்கும் இடத்தைக் கண்டு சொன்னவரின் பெயர் பெரும்பாலும் தெரியாது.

டாட்டர் அந்த இருட்டறைக்குள் அடங்கி இருக்க மறுத்தார். இளம் மருத்துவராய் இருந்தபோதே, துடிக்கும் இதயத்தின் அறைகளையும் பெருங்குழாய்களையும் சாய மருந்து செலுத்திப் படமெடுக்கும் முறையில் தேர்ந்தார். இஸ்ரேல் ஸ்டைன்பர்க் என்பவரோடு சேர்ந்து 1951-இல் இதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். இரத்தம் ஓடும் வேகத்துக்கு ஈடுகொடுக்கும்படி, நொடிக்கு இரண்டு படங்களை எடுக்கும் தானியங்கிச் சுருள் கருவி ஒன்றையும் அமைத்தார். 1952-இல், தமது 32-ஆம் வயதில், ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரிலுள்ள மருத்துவக் கல்லூரி அவரைப் பேராசிரியராகவும் கதிரியல் துறைத் தலைவராகவும் அமர்த்திற்று. அவ்வயதில் அப்பதவி அரிது. மரிக்கும் நாள்வரை, முப்பத்துமூன்று ஆண்டுகள், அவர் அங்கேயே இருந்தார்.

இரத்தக் குழாயினுள் குழாய் செலுத்தும் வித்தை டாட்டருக்கு முன்னரே தோன்றியதுதான். 1929-இல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் தம் கை நரம்பின் வழியே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைத் தம் இதயம்வரை தாமே செலுத்தி, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படமெடுத்துக்கொண்டார். 1953-இல் சுவீடனின் செல்டிங்கர், கத்தியால் குழாயைத் திறக்காமல் ஊசியால் குத்தி, ஊசி வழியே கம்பியும் கம்பியின்மேல் கதீட்டரும் செல்லும் எளிய முறையை வகுத்தார். இவை யாவும் பார்ப்பதற்கான வழிகள். குழாய் உள்ளே செல்லும், சாயம் பாயும், படம் பதியும், குழாய் வெளியே வரும். அடைப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் அறுவை மருத்துவர் மறுநாள் அதே இடத்தைக் கத்தியால் திறப்பார்.

1963-இல் டாட்டரின் மேசைமீது ஒரு நோயாளி படுத்திருந்தார். சிறுநீரகத் தமனியில் சுருக்கம் உள்ளதா என்று பார்க்கவே அவருக்குக் கதீட்டர் செலுத்தினார்கள். வழியில் இடுப்புத் தமனி அடைத்துக் கிடந்தது. மேலே சென்ற கதீட்டர் அந்த அடைப்பையே ஊடுருவிச் சென்றுவிட்டது. அடைத்திருந்த பாதையில் மீண்டும் இரத்தம் ஓடியது. மற்றொருவர் இதை விபத்தென்று கருதிக் குறிப்பேட்டில் ஒரு வரியோடு விட்டிருக்கக்கூடும். இயந்திரங்களைப் பிரித்துப் பழகிய டாட்டருக்கு இதிலே ஒரு வழி தெரிந்தது. பார்ப்பதற்காகச் செல்லும் குழாயே பழுதுபார்த்தால் என்ன?

அவ்வாண்டு ஜூன் மாதம், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் கார்லோவி வாரி நகரில் நடந்த கதிரியல் மாநாட்டில் இக்கேள்வியை அவர் வெளிப்படையாகவே வைத்தார். கதீட்டர் வெறும் நோயறியும் கருவி அன்று, கற்பனையோடு கையாண்டால் அறுவைக் கருவியாகவும் ஆகக்கூடும் என்பது அவர் பேச்சின் சாரம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யோசெஃப் ரோஷ் என்னும் செக் மருத்துவரும் ஒருவர். அவர் பின்னாளில் போர்ட்லண்டுக்கே வந்து டாட்டரின் உடனுழைப்பாளி ஆனார்.

கருவிகள்? கடைகளில் விற்கவில்லை. கிட்டார் தந்திகளையும் மோட்டார் வண்டிகளின் வேகமானிக் கம்பிகளையும் கொண்டு டாட்டர் தாமே வழிகாட்டிக் கம்பிகள் செய்து பார்த்தார். 1963-இன் இறுதியில் சிகாகோவில் நடந்த கதிரியல் மாநாட்டில், பில் குக் என்னும் இளைஞர் ஒரு சிறு மேசையில் அமர்ந்து ஊதுவிளக்கின் சுடரில் டெஃப்ளான் குழாய்களை இளக்கிக் கதீட்டர் செய்துகாட்டிக்கொண்டிருந்தார். அவ்வாண்டுதான் 1,500 டாலர் முதலீட்டில், தம் குடியிருப்பின் உபரி அறையொன்றில் தொழில் தொடங்கியிருந்தார். டாட்டர் அவரிடம் ஊதுவிளக்கையும் குழாய்களையும் ஓர் இரவுக்குக் கடன் கேட்டு வாங்கித் தம் விடுதி அறைக்கு எடுத்துச் சென்றார். மறுநாள் காலையில் பத்துக் கதீட்டர்களைச் செய்து கொண்டுவந்தார். குக் அவற்றை அன்றே விற்றுவிட்டார்! விடுதி அறையில் நெருப்பு மூட்டியதைப்பற்றி விடுதிக்காரர் என்ன சொன்னாரோ, வரலாறு அதைக் குறித்துவைக்கவில்லை. அந்த உபரி அறைத் தொழில் பின்னாளில் உலகெங்கும் அறியப்பட்ட மருத்துவக் கருவி நிறுவனமாயிற்று.

இனி அந்த மூதாட்டியிடம் வருவோம்.

1964 ஜனவரி. போர்ட்லண்டின் மருத்துவமனையில் அவர் படுக்கையில் கிடந்தார். இடது பாதத்தில் ஆறாத புண். விரல்கள் கறுத்து அழுகத் தொடங்கியிருந்தன. இரவும் பகலும் வலி. தொடையில் இறங்கும் தமனியில் ஒரு சிறு நீளத்துக்குச் சுருக்கம் இருந்தது. காலை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். அழுகல் மேலேறினால் உயிருக்கே ஆபத்து என்பதை அறிந்தவர்கள். ஆயினும் மூதாட்டி இசையவில்லை. கால் போகக் கூடாது என்றார். எத்தனை பேர் எடுத்துச் சொல்லியும் அசையவில்லை.

நம் நாட்டில் சர்க்கரை நோயால் காலில் புண் வந்தவர்களின் வீடுகளில் இக்காட்சி புதிதன்று. வாசலில் நின்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்கிறார்கள், கையொப்பமிடுகிறார்கள், உள்ளே படுத்திருக்கும் தாயிடம் கடைசியில் சொல்கிறார்கள். "அம்மாவுக்கு என்ன தெரியும், பாஸ்டர்" என்கிறார்கள். எரிகோவின் வழியருகே உட்கார்ந்திருந்த பர்திமேயுவின் குறை இன்னதென்பது கூடியிருந்த யாவருக்கும் தெரிந்ததே. ஆயினும் ஆண்டவர் அவனிடமே அவன் விருப்பத்தைக் கேட்டார். போர்ட்லண்டில் அம்மூதாட்டியிடம் எவரும் கேட்காமலே அவர் தம் விருப்பத்தைச் சொன்னார். அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாமல், இதற்கு வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தவர் ஓர் அறுவை மருத்துவர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். டாட்டரின் கருத்துகளை அவர் அறிந்திருந்தார். தம் கையால் ஆகாததை, படமெடுப்பவர் என்று பிறர் எண்ணிய ஒருவரிடம் ஒப்படைக்க அவருக்கு மனமிருந்தது. புகழ் டாட்டருக்குச் சென்றது, அது நியாயமே. ஆனால் இவ்வறுவை மருத்துவரின் தாழ்மையும் அம்மூதாட்டியின் மறுப்பும் இல்லாவிட்டால் டாட்டரின் எண்ணம் இன்னும் எத்தனை காலம் காகிதத்தில் கிடந்திருக்குமோ.

ஜனவரி 16 அன்று, தம்மிடம் பயிற்சி பெற்றுவந்த மெல்வின் ஜட்கின்ஸ் உடனிருக்க, டாட்டர் அச்சிகிச்சையைச் செய்தார். மூதாட்டிக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. குத்துமிடம் மட்டும் மரத்துப்போகும்படி ஊசி. முதலில் ஒரு மெல்லிய கம்பி சுருங்கிய இடத்தைக் கடந்து சென்றது. அக்கம்பியின்மேல் நுனி கூம்பிய டெஃப்ளான் கதீட்டர் ஒன்று சறுக்கிச் சென்று பாதையைச் சற்றே அகலமாக்கிற்று. பிறகு அதன்மேல் அதனினும் தடித்த மற்றொன்று. உள்ளே படிந்திருந்த கொழுப்புப் படிவு வெளியே எடுக்கப்படவில்லை. குழாயின் சுவரோடு சுவராக அழுத்தி ஒதுக்கப்பட்டது, அவ்வளவே. சேறு படிந்த குறுகிய பாதையில் ஒரு தடி உருளையைச் செலுத்தி வழி உண்டாக்குவதைப் போன்றது இது. நிமிடங்களில் குளிர்ந்திருந்த பாதம் சூடேறிச் சிவந்தது. ஒரு வாரத்தில் வலி நீங்கிற்று. பின்னர் புண்ணும் ஆறிற்று. மீண்டும் படமெடுத்துப் பார்த்தபோது பாதை திறந்தே இருந்தது.

அம்மூதாட்டி அதன்பின் ஏறக்குறைய மூன்றாண்டுகள் வாழ்ந்தார். மரிக்கும்வரை தம் இரு கால்களாலேயே நடந்தார் என்று டாட்டர் பெருமிதத்தோடு குறிப்பிடுவதுண்டு.

அவ்வாண்டு நவம்பரில் 'சர்குலேஷன்' என்னும் மருத்துவ இதழில் டாட்டரும் ஜட்கின்ஸும் தம் அனுபவத்தை வெளியிட்டார்கள். ஒன்பது நோயாளிகள், பதினொரு கால்கள். எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் மருத்துவ உலகம் வரவேற்றதா? அமெரிக்காவின் அறுவை மருத்துவர்களில் பலர் முகம் சுளித்தனர். படம் எடுக்க அனுப்பப்பட்ட நோயாளியின் சீட்டில், படம் மட்டும் எடுக்கவும், சரிசெய்ய முற்பட வேண்டாம் என்ற பொருளில் பெரிய எழுத்துகளில் எழுதி அனுப்பிய அறுவை மருத்துவரும் உண்டு. கிறுக்குச் சார்லி என்று பட்டப்பெயரும் இட்டார்கள். அப்பெயருக்கு டாட்டரே ஓரளவு இடங்கொடுத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 'லைஃப்' இதழுக்கு அவர் கொடுத்த படங்களில் கண்களை விரித்து, பித்துப் பிடித்தவரைப்போல் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு சொற்பொழிவுக்கு வருமுன் தம் கை வழியே தம் இதயத்துக்குத் தாமே கதீட்டரைச் செலுத்திக்கொண்டு, பேச்சின் நடுவே சட்டைக் கையைச் சுருட்டி, அதைக் கருவியோடு இணைத்துத் தம் இதய அறைகளின் அழுத்தத்தை அவையோருக்குத் திரையில் காட்டினார் என்று அவருடன் பணியாற்றியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அடக்கம் அவருடைய வரங்களில் ஒன்றன்று.

ஐரோப்பியர் அவரைக் கைவிடவில்லை. ஜெர்மனியின் எபர்ஹார்ட் சைட்லர் இம்முறையைப் பொறுமையோடு கற்று, செய்து, பிறருக்குக் கற்பித்தார். அங்கே இச்சிகிச்சைக்கு "டாட்டரிங்" என்றே பெயர் வழங்கலாயிற்று. தன் பெயர் ஒரு வினைச்சொல்லாகும் பேறு எல்லா மருத்துவருக்கும் கிட்டுவதில்லை. அவ்வழியில் பயின்றவர்களுள் ஆந்திரியாஸ் குருன்ட்சிக் என்னும் இளைஞர், தடித்த குழாய்களுக்குப் பதிலாகக் கதீட்டரின் நுனியில் ஒரு சிறு பலூனை அமைத்து 1974-இல் பயன்படுத்தினார். பலூன் சுருங்கியபடி உள்ளே செல்லும், அடைப்பில் விரியும், மீண்டும் சுருங்கி வெளியே வரும். ஆகையால் குத்துமிடத்தில் பெரிய துளை தேவையில்லை. 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில், 38 வயது நோயாளி ஒருவரின் இதயத் தமனியில் அப்பலூனை விரித்தார். நம் சபையார் "பலூன் வைத்தார்கள்" என்று சொல்லும் சிகிச்சையின் பிறப்பு அதுவே. ஸ்டென்டுக்கும் டாட்டரே முன்னோடி: 1969-இலேயே நாய்களின் கால் தமனிகளில் சுருள் கம்பி வடிவான குழல்களைப் பொருத்தி, அவை திறந்திருக்கின்றனவா என்று ஆராய்ந்து எழுதியிருந்தார்.

கருவிகளைவிட எனக்கு முக்கியமாய்த் தோன்றுவது, நோயாளியைப்பற்றி அவர் தம் துறையினரிடம் வலியுறுத்தியது. குழாய் செலுத்துகிறவனே அந்நோயாளிக்குப் பொறுப்பாளி என்பது அவர் கருத்து. சிகிச்சைக்கு முன் நோயாளியைக் கண்டு பேச வேண்டும். அவர் உடலையும் உள்ளத்தையும் அறிய வேண்டும். செய்தபின் படுக்கையருகே சென்று பார்க்க வேண்டும். வீடு சென்றபின்னும் விசாரிக்க வேண்டும். இப்பொறுப்பை ஏற்காவிட்டால் கதிரியல் மருத்துவர்கள் அதிகக் கூலி வாங்கும் குழாய்ப் பணியாளர்களாய்ப் போய்விடுவார்கள், அவ்வேலையையும் பிறர் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று எச்சரித்தார். எச்சரிக்கை பெருமளவு பலித்தது: இதயத்தின் பலூன் சிகிச்சை இன்று பெரும்பாலும் இதய மருத்துவர்களின் கையில் இருக்கிறது. மூதாட்டியின் பாதத்தைத் தொட்டு, சூடேறிவிட்டதா என்று பார்த்தவருக்கு இதைச் சொல்லும் உரிமை இருந்தது.

தாமும் நோயாளியாய் இருந்தவர் அவர். நடுவயதில் ஹாட்ஜ்கின் என்னும் நிணநீர்ப் புற்றுநோய் அவரைப் பற்றிற்று. தாம் தொழிலாய்க் கொண்ட கதிர்களையே சிகிச்சையாக ஏற்றுக்கொண்டார். பின்னர் இதயத் தமனிகள் அடைத்துக்கொண்டபோது, தம்மை எள்ளிய துறையினரின் கத்திக்கே நெஞ்சைத் திறந்துகொடுத்தார். அதற்கிடையிலும் மலையேற்றத்தை விடவில்லை. அமெரிக்காவின் பிரதான நிலப்பரப்பில் 14,000 அடிக்கு மேற்பட்ட 67 சிகரங்களிலும் ஏறி முடித்தார். பறவைகளைக் கவனிப்பதும் ஓவியம் தீட்டுவதும் எஞ்சிய பொழுதுகளை நிரப்பின. 1978-இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை.

1985-ஆம் ஆண்டு இத்துறைக்கு ஒரு துக்க ஆண்டு. அம்மூதாட்டியின் மேசையருகே நின்ற ஜட்கின்ஸ் ஜனவரியில் காலமானார். இரண்டு வாரங்களுக்குப்பின், பிப்ரவரி 15 அன்று, டாட்டர் தமது 64-ஆம் வயதில் மரித்தார். இதயத் தமனிகளைப் படமெடுக்கும் முறைக்கு வழி வகுத்த மேசன் சோன்ஸ் ஆகஸ்டில் சென்றார். அக்டோபரில், தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம் விழுந்து குருன்ட்சிக் இறந்தார். ஐந்தாண்டுகளுக்குப்பின், 1990-இல், போர்ட்லண்டில் டாட்டரின் பெயரால் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. அதற்கு முதல் தலைவராய் அமர்ந்தவர், 1963-இல் கார்லோவி வாரியில் அவர் பேச்சைக் கேட்ட அதே யோசெஃப் ரோஷ்.